எழுபது வளைவு, கத்திரி வெயில்: கொல்லிமலை இரண்டு நாள் பைக் பயணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு பார்த்துத் திருச்சியிலிருந்து பத்துப் பன்னிரண்டு வண்டிகளாகக் கொல்லிமலைக்குப் போய்வருகிறோம். புதிதாகச் சேருகிறவர்கள் தொலைபேசியில் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஆளுக்கு ஒரு தடவை பதில் சொல்லிச் சலித்துப்போய்க் கீழே எழுதிவைத்திருக்கிறேன். படித்துவிட்டும் கேட்கத் தோன்றினால் கேளுங்கள். ஆனால் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கத்திரி வெயிலில்தான் போக வேண்டுமா? மார்கழியில் போனால் என்ன?

தாராளமாகப் போகலாம். மார்கழியில் மலை இன்னும் அழகாக இருக்கும், பனியும் இருக்கும். எங்கள் குழுவில் பாதிப்பேர் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள். மீதிப்பேருக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள். எல்லோருக்கும் ஒன்றாக விடுமுறை கிடைப்பது மே மாதத்தில் மட்டும்தான். இதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

மேலே போனால் குளுகுளுவென்று இருக்குமா?

இருக்காது. இந்த எதிர்பார்ப்போடு கம்பளிச் சட்டை எடுத்துவந்தவர்கள் உண்டு. கொல்லிமலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியின் உயரத்தில் பாதிதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறேழு டிகிரி குறையும். நாமக்கல்லில் 40 டிகிரி அடிக்கும் நாளில் மலைமேல் இருக்கும் செம்மேட்டில் 33 இருக்கும். மர நிழலில் நின்றால் சுகம், வெயிலில் நின்றால் வெயில்தான். இரவில் மட்டும் நன்றாகக் குளிர்ந்துவிடும். ஒரு போர்வை போதும்.

பிறகு ஏன் கொல்லிமலை? ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகலாமே?

மே மாதத்து வார இறுதியில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போவது பைக் பயணம் ஆகாது. காருக்குப் பின்னால் முதல் கியரில் நின்று புகை குடிக்கும் சடங்கு. அதோடு, உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் அந்த இரண்டு இடங்களுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. கொல்லிமலை அந்த ஆணைக்குள் வரவில்லை.

முக்கியக் காரணம் வேறு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போகும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். ஏற்காட்டுக்குச் சேலம் வழியில் இருபது, வால்பாறைக்கு நாற்பது. எழுபதையும் ஒரே மூச்சில் ஏறி இறங்கியவருக்கு வண்டி ஓட்டுவதைப் பற்றி ஏதாவது ஒன்று புதிதாகத் தெரிந்திருக்கும்.

இரண்டாம் நாள் அப்படியே ஏற்காட்டையும் பார்த்துவிட்டு வரலாமா?

ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் இதைக் கேட்கிறார். முதல் ஆண்டில் நாங்களே செய்தோம். கொல்லிமலையிலிருந்து இறங்கி, ராசிபுரம், சேலம் வழியாக ஏற்காடு ஏறி, கோடை விழாக் கூட்டத்தில் சிக்கி, பகல் ஒரு மணிக்குச் சேலத்தில் வந்து இறங்கினோம். அங்கிருந்து திருச்சிவரை வந்த பாதை யாருக்கும் சரியாக நினைவில்லை. நினைவில்லாமல் வண்டி ஓட்டியிருக்கிறோம் என்பதுதான் அதற்குப் பொருள்.

எல்லோரும் பயப்படுவது எழுபது வளைவுக்கு. அந்த வளைவுகளில் எவரும் தூங்குவதில்லை, எவரும் வேகமாகப் போவதும் இல்லை. பயமே காவலாக இருக்கிறது. நான் பயப்படுவது ஞாயிற்றுக்கிழமைப் பகலில் திரும்பிவரும் நேர்ச்சாலைக்கு. எங்கள் குழுவில் இதுவரை நடந்த இரண்டு கெட்ட சம்பவங்களில் மோசமானது சமவெளியில் நடந்தது. அதனால் ஒரு பயணத்துக்கு ஒரு மலை. காலை பத்தரையிலிருந்து மாலை நான்கு மணிவரை சமவெளியில் வண்டி ஓடக் கூடாது.

பாதை, நேரம்?

சனிக்கிழமை அதிகாலை 5 மணிக்குத் திருச்சியில் புறப்பாடு. முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல். இந்தச் சாலை காவிரியை ஒட்டியே போகும். மே மாதத்தில் ஆறு பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும், ஆனால் வாழைத் தோப்பும் கோரை வயலும் இருப்பதால் ஆறு மணிக் காற்று ஈரமாக இருக்கும். பயணத்தின் மிக இனிமையான ஒரு மணி நேரம் அதுதான், மலைகூட அதற்குப் பிறகுதான் என்பேன். நாமக்கல்லில் இட்லி. பிறகு சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. எட்டரை மணிக்கு அடிவாரம், பத்து மணிக்குள் மேலே.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வந்த வழியே இறக்கம், நாமக்கல்லில் ஏழரைக்குச் சிற்றுண்டி, பத்தரைக்குள் திருச்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலே உட்கார்ந்து நிதானமாகக் காபி குடிக்க விரும்புகிறவர்கள் மாலை நான்கு மணிவரை அங்கேயே உட்கார்ந்து குடிக்கலாம். நடுப்பகலில் மட்டும் இறங்கக் கூடாது. ராசிபுரம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு முள்ளுக்குறிச்சி வழியாகவும் ஒரு சாலை உண்டு, அதில் வளைவுகள் குறைவு.

என் வண்டி 100 சிசிதான். ஏறுமா?

கொல்லிமலையில் வாழ்கிறவர்கள் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் ஒரு வாழைத்தார், பின்னால் இரண்டு மூட்டை, நடுவில் தாமும் உட்கார்ந்து தினமும் ஏறி இறங்குகிறார்கள். உங்கள் வண்டி ஏறும். ஆனால் பின்னால் ஆளும் பெரிய பையும் சேர்ந்தால் முதல் கியரிலேயே திணறும். 125 சிசிக்குக் கீழ் என்றால் தனியாக வாருங்கள், பையை மற்றவர் வண்டியில் ஏற்றிவிடலாம்.

400 சிசி வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. போன ஆண்டு வளைவில் வண்டியைச் சாய்த்துப் போட்டவர்கள் இருவரும் அவர்கள்தான். கனமான வண்டி மெதுவாகத் திரும்பும்போதுதான் தன் கனத்தைக் காட்டும்.

ஸ்கூட்டரில் வரலாமா?

வரலாம், ஒரு விஷயம் தெரிந்துகொண்டு வாருங்கள். கியர் வண்டியில் இறங்கும்போது இரண்டாம் கியரில் போட்டு ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். ஸ்கூட்டரில் வேகம் நன்றாகக் குறைந்ததும் உள்ளே இருக்கும் கிளட்ச் விட்டுவிடும். அதன்பிறகு எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பில்லை, வண்டி தானாக உருளும். பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில். ஆகவே இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை மிக லேசாகத் திறந்து அந்தத் தொடர்பை உயிரோடு வைத்துக்கொண்டு பிரேக்கையும் பயன்படுத்த வேண்டும். பத்துப் பதினைந்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட வேண்டும். பின்னால் ஆள் ஏற்றக் கூடாது.

வண்டியில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

பயணத்துக்கு முந்தைய நாள் சர்வீஸ் விடாதீர்கள். ஒரு வாரம் முன்பே விட்டு, இரண்டு மூன்று நாள் ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள். மெக்கானிக் இறுக்க மறந்த நட்டு மூன்றாம் நாள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

டயர் காற்றை வண்டி ஆறியிருக்கும்போது, அதாவது காலையில், பாருங்கள். எவ்வளவு என்பது வண்டியிலேயே ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கும் தம்பியின் கைப்பழக்கத்தில் இருக்காது. சூடான சாலையில் ஒரு மணி நேரம் ஓடினால் காற்றழுத்தம் சில புள்ளிகள் ஏறும். அது இயல்பு. "வெயிலுக்கு வெடித்துவிடும்" என்று வழியில் காற்றை இறக்கிவிடாதீர்கள். குறைவான காற்றோடு ஓடும் டயர்தான் அதிகமாக வளைந்து, அதிகமாகச் சூடாகி, கெட்டுப்போகும்.

பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? நினைவில்லை என்றால் இப்போது மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும் என்பது தரம். ஈரம் குடித்த ஆயிலுக்கு அந்தத் தரமே 155 டிகிரிதான். எழுபது வளைவிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு வரும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. குமிழியைத்தான் அழுத்துவீர்கள், பிரேக் பிடிக்காது.

எஞ்சின் ஆயில் அளவு, செயின் தொய்வு, இரண்டு பிரேக் கட்டைகள், முன்விளக்கு. பஞ்சர் சாமானும் காற்றுப் பம்ப்பும் குழுவில் இரண்டு செட் இருக்கின்றன. பெட்ரோலை நாமக்கல்லிலேயே நிரப்பிவிடுங்கள்.

இந்த வெயிலில் ஜாக்கெட்டா? சட்டை போதாதா?

காற்று நம் தோலைவிடச் சூடாகிவிட்டால், வேகமாகப் போனால் குளிரும் என்ற கணக்கு தலைகீழாகிவிடும். தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. 40 டிகிரிக் காற்று வெற்றுக் கையில் மோதினால் அது நம்மைச் சூடாக்கத்தான் செய்யும். வியர்வை உடனுக்குடன் உலர்ந்தும் போகும். அதனால்தான் வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம், உடம்பில் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும். வெயிலில் களை பறிக்கும் பெண்கள் புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாம் இப்போதுதான் அதைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறோம்.

வலைத்துணியில் தைத்த கோடைக்கால ஜாக்கெட் போதும், வெளிர் நிறமாக இருந்தால் நல்லது. உள்ளே பருத்தி பனியன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்தப் பனியனை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டால் அடுத்த அரை மணி நேரத்துக்கு ஏசி. கழுத்தில் ஈரத்துண்டு, நுனி தொங்காமல் ஜாக்கெட்டுக்குள் செருகியிருக்க வேண்டும், சக்கரத்தில் சிக்கினால் உயிர்போகும். கையுறை, கணுக்கால் மூடிய ஷூ. ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட், பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து.

கறுப்புக் கண்ணாடி போட்ட ஹெல்மெட் மலைச்சாலைக்கு வேண்டாம். வெயில், நிழல், வெயில், நிழல் என்று மாறிக்கொண்டே இருக்கும். நிழலுக்குள் நுழையும் அந்த ஒரு விநாடியில்தான் வளைவில் சிந்திக்கிடக்கும் ஜல்லி கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்துவோம், நிறுத்தும்போதெல்லாம் ஆளுக்கு அரை லிட்டராவது. ஒரேயடியாக அல்ல, மடக்கு மடக்காக. வெறும் தண்ணீர் மட்டும் போதாது, வியர்வையோடு உப்பும் போகிறது. நீர்மோர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, இளநீர், பானகம் எல்லாம் உத்தமம். உலக சுகாதார நிறுவனச் சூத்திரம் என்று அச்சிட்ட ஓஆர்எஸ் பொட்டலம் ஆளுக்கு இரண்டு வைத்திருங்கள். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், டம்ளரில் அல்ல. அது இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, கரண்டியைத் தலைதட்டி. அட்டைப் பெட்டியில் விற்கும் பழச்சுவைப் பானங்கள் ஓஆர்எஸ் அல்ல.

சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரியாகக் குடிக்கிறீர்கள். நாமக்கல்வரை வந்தும் போகத் தோன்றவில்லை என்றால் குடிக்கவில்லை. சிறுநீரகம், இருதயம், ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

வெயில் தாக்கினால் எப்படித் தெரியும்?

முதலில் தெரிவது உங்களுக்கு அல்ல, உங்கள் பின்னால் வருகிறவருக்கு.

இரண்டாம் ஆண்டுப் பயணம். ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டே சாப்பிட்டு, பதினொன்றரைக்குத்தான் இறங்கத் தொடங்கினோம். இரண்டு மணி வாக்கில் தொட்டியத்தைத் தாண்டிக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் போன நண்பரின் இடது இன்டிகேட்டர் எரிந்துகொண்டே இருந்தது. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மூன்று கிலோமீட்டர் அப்படியே போனார். பிறகு கோட்டை விட்டு விலகி மெல்ல நடுச்சாலைக்கு நகர்ந்தார், ஒரு லாரி ஒலி எழுப்பியதும் திரும்பினார். முன்னால் போய் மறித்து நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றினால் நெற்றி காய்ந்து கிடந்தது. தொட்டால் தோசைக்கல். "பெண்ணை ஸ்கூலிலிருந்து கூப்பிட வேண்டும், மணி ஆகிவிட்டது" என்றார். மே மாதம். பள்ளியே கிடையாது.

சாலையோரப் புளியமரத்தடியில் படுக்கவைத்து ஜாக்கெட்டையும் ஷூவையும் கழற்றினோம். பக்கத்து வாழைத்தோப்பில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தோப்புக்காரர் எதுவும் கேட்காமல் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தலையிலிருந்து ஊற்றத் தொடங்கினார். இருவர் துண்டால் விசிறினார்கள். 108 வரும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தோம். பிழைத்துக்கொண்டார், இன்றும் எங்களோடு வருகிறார்.

ஆகவே இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த வியர்வை, தலைசுற்றல் என்றால் உடனே நிழல், ஓய்வு, ஓஆர்எஸ். அன்றைக்கு அவர் ஓட்ட வேண்டாம். பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், உடம்பு அனலாகக் கொதித்தால், அது வெப்ப மயக்கத்தையும் தாண்டிய வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். முதலில் குளிர்வியுங்கள், உடனே 108-ஐ அழையுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஈரத்துணி. நினைவு தெளியாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வியர்வை வந்துகொண்டிருக்கிறதே என்று தைரியமாக இருந்துவிடவும் கூடாது. வண்டி ஓட்டி உழைத்தவருக்கு வெப்பவாதத்திலும் வியர்க்கலாம். பேச்சைக் கவனியுங்கள்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பக்கத்து வண்டிக்காரரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது வழக்கம். நேற்று இரவு என்ன சாப்பிட்டாய், இந்த மாதிரி. பதில் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, உடனே வர வேண்டும்.

குழுவாக ஓட்டுவதற்கு என்ன விதி?

முன்னால் லீடு, கடைசியில் ஸ்வீப். லீடை யாரும் முந்தக் கூடாது, ஸ்வீப்புக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. புதியவர்கள் லீடுக்கு அடுத்து. வேகத்தை அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். பின்னால் விட்டால் எட்டிப் பிடிக்கத் துரத்துவார்கள். ஆறு வண்டிக்கு மேல் போனால் இரண்டு பிரிவு, இடையில் பத்து நிமிட இடைவெளி. பன்னிரண்டு வண்டி ஒரே ரயிலாகப் போனால் உள்ளூர்க்காரர் யாரும் முந்த முடியாது, வைவார்கள், நியாயம்தான்.

நேர்ச்சாலையில் இடம் வலமாக மாறி மாறி, முன் வண்டிக்கு இரண்டு விநாடித் தொலைவில். மலையில் ஒற்றை வரிசை. அங்கே விதி சுருக்கமானது: ஒரு வளைவில் ஒரு வண்டி. முன்னால் போகிறவர் வளைவில் எஞ்சின் நின்று பின்னால் உருண்டால் உங்கள் மேல்தான் உருளுவார்.

பாதை பிரியும் இடங்களில் லீடு கையைக் காட்டியதும் இரண்டாவது வண்டி ஓரமாக நின்றுவிடும். எல்லோருக்கும் வழிகாட்டிவிட்டு ஸ்வீப் வந்ததும் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்ளும். அடுத்த பிரிவில் அடுத்தவர். செல்பேசி வரைபடத்தை நம்புகிறவர்களுக்கு: மலையில் பல இடங்களில் சிக்னல் இருக்காது.

கொண்டை ஊசி வளைவில் எப்படித் திரும்புவது?

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக் கியரை மாற்றி முடித்திருங்கள். உள்ளே போய்க் கியரைத் தேடாதீர்கள். கண் தடுப்புச் சுவரைப் பார்க்கக் கூடாது, வெளியேறும் இடத்தைப் பார்க்க வேண்டும். நம் பாதிச் சாலைக்குள் எவ்வளவு அகலமாக நுழைய முடியுமோ அவ்வளவு அகலமாக நுழைந்து, தாமதமாக உள்ளே திரும்புங்கள். கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருளாதீர்கள். எஞ்சின் இழுத்துக்கொண்டிருக்கும் வண்டி விழாது.

ஏறும்போது இடப்பக்க வளைவுதான் கடினம். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் வளைவின் உள் ஓரம் நமக்கு வரும், அங்கேதான் செங்குத்து அதிகம். எஞ்சின் நின்றுவிட்டால் முன் பிரேக்கைப் பிடித்து மேட்டுப் பக்கக் காலை ஊன்றுங்கள். பள்ளத்துப் பக்கம் ஊன்றப் போனால் தரை எட்டாது, வண்டியோடு சாய்வீர்கள். மேலே சொன்ன 400 சிசிக்காரர்கள் இருவரும் அப்படித்தான் சாய்ந்தார்கள்.

எதிரே பஸ் வந்தால்?

வளைவுக்கு முன்பே நில்லுங்கள். பஸ்ஸுக்கு முழுச் சாலையும் தேவை; ஓட்டுநர் உங்கள் மேல் ஏற்ற வருவதாகத் தோன்றும், உண்மையில் அவருக்கு வேறு வழியில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஒலி எழுப்புங்கள், பதில் ஒலி கேட்கிறதா என்று காது கொடுங்கள். பாட்டுக் கேட்டுக்கொண்டு ஏறுகிறவர்களுக்கு இது கேட்காது. குறுகிய மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டமும்கூட.

இறங்கும்போது?

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நாமக்கல் லாரி ஊர். எந்த லாரி ஓட்டுநரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது, பின் பிரேக்கில் காலை வைத்தபடியே வருவது இரண்டும் கூடாது. பிரேக்கை அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு வாருங்கள். கருகிய வாடை வந்தாலோ பிரேக் பஞ்சுபோல் அமுங்கினாலோ நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிக்கொள்ளும். இதுதான் எங்கள் இரண்டாவது கெட்ட சம்பவம்: முப்பத்தெட்டாம் வளைவில் பின் பிரேக் போய்விட்ட ஒருவர் முன் பிரேக்கிலும் எஞ்சினிலும் நிறுத்திவிட்டார். அடி ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் வளைவுச் சுவரில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றோம்.

கோடை மழை வந்தால்?

பிற்பகலில் வரும், இடியோடு வரும். நீண்ட நாள் வெயிலுக்குப் பின் விழும் முதல் மழையில் சாலையில் படிந்த தூசியும் எண்ணெயும் சருகும் கலந்து வழவழக்கும். இருபது நிமிடம் பேருந்து நிழற்குடையில் நின்றுவிடுங்கள். மரத்தடி வேண்டாம்.

மேலே என்ன பார்ப்பது?

அறப்பளீசுவரர் கோயில், அதன் அருகே ஆகாய கங்கை அருவி. அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும், ஏறவும் வேண்டும் என்பதை இறங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. மே மாதத்தில் நீர் மெலிந்திருக்கும். மாலையில் மட்டும் போகிறோம், பைக் ஷூவோடு போவதில்லை. சீக்குப்பாறைக் காட்சிமுனைக்கும் போகலாம். செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனுக்கு இந்த மலை. தன் சிரிப்பாலேயே கொல்லும் கொல்லிப்பாவையின் கதையை இரவுச் சாப்பாட்டின்போது தமிழாசிரியர் சொல்வார், ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் நீளும்.

சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம், மலைவாழை, மிளகு. முழுப் பலாப்பழத்தைப் பைக்கில் கட்டும் முயற்சி வேண்டாம், பார்த்தாயிற்று. இது மலையாளி பழங்குடியினர் வாழும் ஊர். சைலன்சரை மாற்றிச் சத்தம் கூட்டிய வண்டிகளை நாங்கள் சேர்ப்பதில்லை.

குரங்கு?

உண்டு. வளைவுகளில் உட்கார்ந்திருக்கும். தின்பண்டம் கொடுக்காதீர்கள், கைப்பிடியில் பிளாஸ்டிக் பை தொங்கவிடாதீர்கள். ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றைப் பிரித்து நக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்துத் திருப்பி எறிந்த குரங்கு ஒன்றைக் கண்டிருக்கிறேன்.

பெண்கள் வருகிறார்களா?

இதைக் கேட்பவர்கள் எல்லோரும் ஆண்கள். மூன்று ஆண்டுகளாக எங்கள் ஸ்வீப் ஒரு கணித ஆசிரியை. வண்டி எண்ணிக்கை தவறியதே இல்லை.

சனிக்கிழமை இரவு கொஞ்சம் மது?

இல்லை. உடம்பிலிருக்கும் தண்ணீரை வெளியேற்றிவிட்டு மறுநாள் காலை எழுபது வளைவு இறங்க வேண்டியவர்கள் வேறு குழு பார்த்துக்கொள்ளலாம்.

என்னென்ன ஆவணங்கள்? விபத்து நேர்ந்தால்?

ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று. டிஜிலாக்கரில் காட்டினால் செல்லும், ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் திறக்காது, நகல் வைத்திருங்கள். ஒரு தாளில் உங்கள் ரத்த வகை, ஒவ்வாமை, வீட்டு எண் எழுதி மேல் பையில் வையுங்கள்.

விழுந்தவரைத் தூக்கி உட்காரவைக்காதீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒருவர் கழுத்தைத் தாங்க, இன்னொருவர் கழற்ற வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில், சேர்க்கப்பட்டுள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். உதவி செய்தவர் மீது வழக்கு வரும் என்று அஞ்சவும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு நல்லெண்ணத்தோடு உதவியவரைக் காக்கிறது.

5 மணி என்றால் 5 மணியா?

5 மணிக்கு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், பெட்ரோல் முந்தைய நாளே நிரப்பியிருக்கும். எழுந்திருக்கத் தாமதமானவர்கள் முசிறித் தேநீர்க் கடையில் சேர்ந்துகொள்ளலாம். 6.15 வரை இருப்போம். அதற்குப் பிறகு வந்தால் பெஞ்சு மட்டும் இருக்கும்.